தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு: லியோனில் நடப்பதற்கு முன்

காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்து, இன்று பாரீசிலும் பிராங்பர்ட்டிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நானும் உங்களில் ஒருத்திதான். பிறந்தது பிள்ளையார்பாளையத்தில். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி. மீதி இருந்த இடத்தில்தான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மகன் பாரீசில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது லியோன் நகரில் ஒரு நாள் நடந்தேன். அந்த நாளைப் பற்றி உங்களிடம் பேசவே இந்த மடல்.

உங்களுக்கு வருஷத்தில் சில நாள் விடுமுறை கிடைக்கிறது. ஈபிள் கோபுரம், சுவிஸ் பனிமலை, ரோம் என்று பட்டியல் போடுகிறீர்கள். போங்கள், எல்லாவற்றையும் பாருங்கள். அந்தப் பட்டியலில் லியோனுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். பாரீசிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். போனால் அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு நடந்தே பாருங்கள். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுச் சுற்றுலாவில் இதே லியோனுக்கு வந்திருக்கிறேன். பேருந்து ஃபூர்வியேர் குன்றின் மேல் நின்றது. நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். வெள்ளைத் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம், கீழே தெரிந்த செம்மண் நிறக் கூரைகளைப் பார்த்தோம், மறுபடி ஏறி உட்கார்ந்தோம். எதிரே தெரிந்த இன்னொரு குன்று நெசவாளர்களின் குன்று என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லியோனைப் பார்த்துவிட்டதாக இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை உள்ளூர் வழிகாட்டியம்மா ஒருவரோடு நடை பழைய லியோனில் தொடங்கியது. ஒரு பக்கம் சோன் ஆறு, இன்னொரு பக்கம் ஃபூர்வியேர் குன்று, நடுவே நாடாவைப் போல ஒரு துண்டு நிலம். அதில் தெருக்கள் ஆற்றோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடுகின்றன, குறுக்குச் சந்துகள் குறைவு. ஒரு தெருவிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போக வெகுதூரம் சுற்ற வேண்டும். அதனால் அந்தக் காலத்து மனிதர்கள் வீடுகளுக்குள்ளேயே வழி வைத்துக்கொண்டார்கள். இந்தத் தெருவில் ஒரு கதவு, உள்ளே இருண்ட நடை, அதைத் தாண்டினால் முற்றம், மறுபடி ஒரு நடை, கடைசியில் அடுத்த தெருவில் இன்னொரு கதவு. இதற்கு திராபூல் என்று பெயர்.

வழிகாட்டியம்மா சேன் ழான் தெருவில் 54 என்று எண் போட்ட ஒரு கதவின் முன் நின்றார். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டு வாசல். உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, சுவரிலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனோம். தபால் பெட்டிகள், சாய்த்து வைத்த சைக்கிள், எந்த வீட்டிலிருந்தோ வெங்காயம் வதக்கும் வாசனை. முற்றத்தில் நின்று அண்ணாந்தால் நான்கு பக்கமும் சன்னல்கள், மேலே கைக்குட்டை அளவு வானம். இப்படி முற்றம் முற்றமாகக் கடந்து வெளியே வந்தபோது பெஃப் தெருவில் நின்றோம். பழைய லியோனின் திராபூல்களில் மிக நீளமானது இதுதானாம்.

இந்த வீடுகளைக் கட்டியவர்களில் பலர் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லியோன் சந்தைகளில் பணம் சம்பாதித்த வணிகர்களும் இத்தாலிய வட்டிக்கடைக்காரர்களும். அப்போது பட்டுத் துணி இத்தாலியிலிருந்துதான் வந்தது. பணம் அவ்வளவும் வெளியே போகிறதே என்று 1536-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா லியோனிலேயே பட்டு நெய்ய அனுமதியும் சலுகையும் கொடுத்தார். அந்த ஊரின் தலையெழுத்து அன்றுதான் மாறியது.

இன்னொரு செய்தியை நடையில் பாதி கடந்த பிறகுதான் கவனித்தேன். அந்தத் திராபூல் கதவுகள் சுற்றுலாவுக்காகச் செய்து வைத்தவை அல்ல. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. நகராட்சிக்கும் குடியிருப்பவர்களுக்கும் ஓர் உடன்பாடு. பகலில் கதவைத் திறக்க அவர்கள் சம்மதிக்கிறார்கள், பதிலுக்கு விளக்கு, துப்புரவு, பராமரிப்புச் செலவில் நகரம் பங்கு கொடுக்கிறது. ஊரில் திராபூல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அந்நியர் நுழையக் கூடியவை சில பத்துகள்தான். கூச்சல் போட்டால், படியேறிப் போய் எட்டிப் பார்த்தால், அந்த எண்ணிக்கை இன்னும் குறையும்.

இதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். உங்களுக்கு வேண்டாம். கல்யாணப் புடவை வாங்க வந்த இடத்தில், கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே நுழைந்து, குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஒதுங்கிய அம்மாவையும் பார்த்திருப்பீர்கள். ஆகவே லியோன் முற்றங்களில் தணிந்த குரலில் பேசுங்கள். சன்னலில் யாராவது தெரிந்தால் தலையசைத்து ஒரு போன்ழூர் சொல்லுங்கள்.

அந்த வீடுகள் இன்று நிற்பதே ஒரு போராட்டத்தால்தான். 1950-களில் பழைய லியோன் பாழடைந்து கிடந்தது. அதன் ஒரு பகுதியை இடித்துவிட்டு வாகனச் சாலை போட நகர நிர்வாகம் நினைத்தது. அந்தப் பேட்டைக்காரர்கள் சங்கமாகத் திரண்டு எதிர்த்தார்கள். 1962-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ பழைய நகர்ப்பகுதிகளைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தின்படி 1964-இல் நாட்டிலேயே முதலாவதாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி பழைய லியோன்தான். 1998-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் லியோனைச் சேர்த்தபோது நெசவாளர் குன்றின் சரிவும் அதோடு சேர்ந்தது.

இனி அந்தக் குன்றுக்கு வருவோம். லியோன்காரர்கள் தங்கள் ஊரின் இரண்டு குன்றுகளைக் கும்பிடுகிற மலை, உழைக்கிற மலை என்று பிரித்துச் சொல்வார்கள். தேவாலயம் இருக்கும் ஃபூர்வியேர் கும்பிடுகிற மலை. குருவா ரூஸ் உழைக்கிற மலை. கீழே நகர மன்றத்துக்குப் பக்கத்திலிருந்து பற்சக்கர இருப்புப்பாதையில் ஏறும் மெட்ரோவில் மேலே போய்விட்டு, அங்கிருந்து இறங்கி நடந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் முழங்காலுக்கு நல்லது.

அங்குள்ள வீடுகளைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. சன்னல்கள் ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு. உள்ளே கூரை நான்கு மீட்டர் உயரத்தில். 19-ஆம் நூற்றாண்டில் தறிக்காகவே கட்டிய வீடுகள் அவை. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏறியதும் தறியின் உயரம் கூடிவிட்டது. பழைய வீடுகளின் கூரைக்குக் கீழே அது நிற்காது. அதனால் நெசவாளர்கள் இந்தக் குன்றுக்குக் குடிவந்தார்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே சன்னல் பெரிதானது. அறையில் பாதி உயரத்தில் பரண் போல ஒரு மரத்தளம் போட்டு, குடும்பம் அதில் படுத்துக்கொண்டது. அந்த அறையில் யாரும் எனக்கு எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தறி குடியிருக்கும், மிச்ச இடத்தில் மனிதர்கள் குடியிருப்பார்கள் என்பது பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த கணக்குத்தான்.

நம் வீட்டில் ஜக்கார்டு என்பது ஒரு பெட்டியின் பெயர். 120 கொக்கிப் பெட்டி, 240 கொக்கிப் பெட்டி என்று கேட்டு வளர்ந்தோம். அது ஒரு மனிதரின் பெயர் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. ஜோசப் மரி ஜக்கார் 1752-இல் லியோனில் பிறந்தவர். குருவா ரூஸ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவருக்கு முன்பே அதே ஊரில் பசீல் பூஷோன் 1725-இல் துளையிட்ட காகிதச் சுருளை வைத்துப் பாவிழைகளைத் தேர்ந்தெடுக்க முயன்றார். ஃபால்கோன் காகிதத்துக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, 1804-ஐ ஒட்டி ஜக்கார் அதை நடைமுறைக்கு ஏற்ற கருவியாக முடித்தார். துளை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், கொக்கி ஏறும், இழை தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடக்கும். ஓர் அட்டை, ஓர் ஊடை. அதற்கு முன் பூ வேலைக்காகத் தறியின் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்தவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அவர்கள் முதுகைக் காப்பாற்றியது இந்தப் பெட்டி.

கணினியில் வேலை பார்க்கும் நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1839-இல் லியோனில் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு வேண்டியிருந்தவை சுமார் 24,000 அட்டைகள். அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தான் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அவர் எடுத்துக்கொண்ட வழியும் ஜக்காரின் துளை அட்டைதான். உங்கள் அப்பாவின் தலைக்கு மேலே கடகடவென்று சுழன்ற அட்டைச் சங்கிலிக்கும், நீங்கள் எழுதும் நிரலுக்கும் உறவு இருக்கிறது. சொந்த ஊர்த் தொழிலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் வரவில்லை.

சரிவில் இறங்கும்போது வழிகாட்டியம்மா கூலியைப் பற்றிப் பேசினார். லியோன் பட்டு நெசவாளருக்குக் கனூ என்று பெயர். வணிகர் நூலும் மாதிரியும் கொடுப்பார். கனூ தன் வீட்டில், தன் தறியில், குடும்பத்தோடும் ஒன்றிரண்டு கூலியாட்களோடும் நெய்து கொடுப்பார். கூலி நெய்த அளவுக்கு. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கிவந்து, புடவையை மடித்துக் கொடுத்துவிட்டுக் கூலிக்காகத் திண்ணையில் காத்திருந்த அப்பாக்களின் பிள்ளைகள் நாம். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

1831 அக்டோபரில் கனூக்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். மாவட்ட ஆட்சியர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார், கூலிப் பட்டியல் முடிவானது. வணிகர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் இந்தச் சரிவில் கறுப்புக் கொடியோடு இறங்கினார்கள். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம் என்பது அந்தக் கொடியின் செய்தி. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த சண்டைக்குப் பிறகு படை நகரத்தை விட்டு வெளியேறியது. லியோன் நெசவாளர் கைக்கு வந்தது. வந்த பிறகு அவர்கள் செய்தது கவனிக்க வேண்டியது: கொள்ளை நடக்காமல் தாங்களே காவல் நின்றார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்படை வந்து நகரத்தை மீட்டது. கூலிப் பட்டியல் ரத்தானது, பேச்சு நடத்திய ஆட்சியரும் பதவி இழந்தார். 1834 ஏப்ரலில் மறுபடி எழுந்தார்கள். அந்த முறை அடக்குமுறை இன்னும் கொடியது.

தோற்றவர்கள் கதைதான். ஆனாலும் அதில் தோல்வி மட்டும் இல்லை. 1831 அக்டோபரிலிருந்து 1834 வரை தங்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார்கள், கூலித் தகராறுகளின் தீர்ப்புகளை அதில் வெளியிட்டார்கள். அந்தத் தீர்ப்புகளை வழங்கிய தொழில் தகராறு மன்றம் பிரான்சில் முதன்முதலாக 1806-இல் தொடங்கியது இந்த ஊரில்தான், இன்று நாடு முழுவதும் அது இருக்கிறது. 1835-இல் கிராந்த் கோத் என்கிற இதே ஏற்றத்தில் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். நம் ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பலகையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் படிகளில் நின்றபோது ஊர் நினைவு வந்தது.

பெண்களைப் பற்றியும் வழிகாட்டியம்மா சொன்னார். 1869 கோடையில் பட்டு நூல் முறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரான்சில் பெண்கள் நடத்திய தொடக்ககால வேலைநிறுத்தங்களில் அது முக்கியமானது. துணியில் நெய்தவன் பெயராவது எங்காவது இருக்கும், நூல் முறுக்கியவள் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டு அவர் முன்னே நடந்தார். வொராஸ் முற்றத்தின் ஆறு மாடிக் கல் படிக்கட்டைப் பார்க்கும் வரை அந்த வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு தறிகள் எப்படிப் போயின? முதலாளிகள் வேலையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். 1850-களில் பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்தது, லூயி பாஸ்டரையே அதை ஆராய அனுப்பும் அளவுக்கு அது பரவியது. விசைத்தறி வந்தது, செயற்கைப் பட்டு வந்தது. இன்று 1752-இல் தொடங்கிய ப்ரெல் போன்ற சில நிறுவனங்கள் மட்டும் கைத்தறியை வைத்திருக்கின்றன. வெர்சாய் அரண்மனை போன்ற இடங்களுக்குப் பழைய துணியைப் பார்த்து, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் என்று நெய்கிறார்கள். குன்றிலிருந்து சத்தம் போய்விட்டது. பிஸ்தாங்கிளாக் என்று தறிச் சத்தத்துக்கு லியோன்காரர்கள் வைத்த செல்லப்பெயர் மட்டும் வாயில் மிஞ்சியிருக்கிறது. சத்தம் போன பிறகுதான் சிலை, சுவர் ஓவியம், அருங்காட்சியகம், வழிகாட்டியோடு நடை எல்லாம் வந்தன.

நடை முடிந்ததும் நானும் இன்னும் சிலரும் வழிகாட்டியம்மாவோடு கனூ இல்லம் என்னும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஜக்கார்டு தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். நாடா ஓடிய ஓசையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அப்பாவும் நெசவாளர், பட்டுப்புடவை நெய்தவர் என்று கூட வந்திருந்த மகன் வழிகாட்டியம்மாவிடம் எடுத்துச் சொன்னான். அவர் முகம் மலர்ந்தது. சுற்றி நின்றவர்களை அமைதியாக்கிவிட்டு என்னைக் கேட்டார்: உங்கள் அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்வார்?

எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பெட்டி எத்தனை கொக்கி, ஒரு புடவைக்கு எத்தனை அட்டை, என்ன கூலி? எதுவும் தெரியவில்லை. ஜக்கார் பிறந்த வருஷம் எனக்குத் தெரியும். நான் பத்தாவது படித்த வருஷம் ஒரு புடவைக்கு அப்பா வாங்கிய கூலி தெரியாது. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன்.

திரும்பி வரும் ரயிலிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. "உங்கப்பா எங்கடி தனியா நெய்ஞ்சாரு? கோர்வை போட்டது யாரு?" என்றார் எடுத்த எடுப்பில். கரை வேறு உடல் வேறு நிறமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அம்மாவுடையது. அதன் பிறகு ரயில் பாரீஸ் சேரும் வரை அவர் நிறுத்தவில்லை. பெட்டி 240 கொக்கி. முந்தானைப் பாவை உடல் பாவோடு இணைக்கப் பேட்னி போடுகிற நாளில் நெய்தது கண்ணில்கூடத் தெரியாது. மழைக்காலத்தில் தெருவில் பாவு ஓட்ட முடியாமல் தறி சும்மா நிற்கும், அந்த நாட்களில் வீட்டில் ஒருவேளைச் சோறு. எந்த முதலாளி எவ்வளவு பிடித்தார் என்பது வரை எண்ணிக்கையோடு சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

என் நிபந்தனை இதுதான். லியோனுக்குச் சீட்டு எடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போன் போடுங்கள். அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். தறி யாருடையது, கடனுக்கு வாங்கியதா? எத்தனை கொக்கி? அட்டை யார் குத்திக் கொடுத்தார்? தார் சுற்றியது யார்? கோர்வைக்கு உட்கார்ந்தது யார்? கூலி எவ்வளவு, எதற்கெல்லாம் பிடித்தார்கள்? நெய்ததிலேயே மனசுக்குப் பிடித்த புடவை எது, அது எங்கே போயிற்று? அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டே போங்கள். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். தறி முன்னால் நிற்கும்போது அவர்கள்தான் உங்களுக்கு வழிகாட்டி.

லியோன் தன் நெசவாளர்களின் படிக்கட்டை எண்ணி வைத்திருக்கிறது, அவர்கள் இறங்கிய சரிவைப் பேணுகிறது, அவர்கள் வீட்டுக் கூரையின் உயரத்தை அந்நியருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அந்த நகரத்தால் கேட்க முடியாமல் போனது கனூக்களின் குரலை மட்டும்தான். உங்கள் வீட்டில் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. இன்று ராத்திரி அங்கே சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில் பிறந்த உங்கள் அக்கா